அகதியாக ஓடிய சிறுவன்... கடலிலேயே வீடு கட்டிய கோடீஸ்வரன்! கிரேக்கத் தீவுகளைச் சுற்றிய ஒனாசிஸின் கப்பல் கதை

கிரேக்கத் தீவுகள்னு சொன்னதும் கண்ணு முன்னாடி என்ன வருது? வெள்ளை வீடுகள், நீலக் கடல், நடுவுல ஒரு சொகுசுப் படகு. அதுல நாலு பிரபலங்கள். இன்னைக்கு ரீல்ஸ்ல தினமும் பாக்குற இந்தக் காட்சியை 1950களிலேயே உலகப் பத்திரிகைகளின் முதல் பக்கத்துக்குக் கொண்டு வந்தவர் அரிஸ்டாட்டில் ஒனாசிஸ். ஜாக்குலின் கென்னடியின் இரண்டாவது கணவர்னு சொன்னா பலருக்கும் சட்டென்று புரியும். ஆனா அவரோட கதை சொகுசுக் கப்பல்ல தொடங்கல. பற்றி எரிந்த ஒரு துறைமுகத்துல தொடங்குது.

யார் இந்த ஒனாசிஸ்?

1906-ல் ஸ்மிர்னா நகரில் பிறந்தவர். இன்று துருக்கியில் இஸ்மிர் என்று அழைக்கப்படும் ஊர் அது. அப்பா சாக்ரடீஸ் ஒனாசிஸ், புகையிலை வியாபாரி. வசதியான கிரேக்கக் குடும்பம்.

1922 செப்டம்பரில் துருக்கிப் படைகள் ஸ்மிர்னாவுக்குள் நுழைந்தன. சில நாட்களில் கிரேக்கர்களும் ஆர்மீனியர்களும் வாழ்ந்த பகுதிகள் தீக்கிரையாயின. பின்னால் தீ, முன்னால் கடல். லட்சக்கணக்கான மக்கள் கப்பல் துறையில் சிக்கிக்கொண்டார்கள். துறைமுகத்துக்கு வெளியே வெளிநாட்டுப் போர்க்கப்பல்கள் நின்றுகொண்டிருந்தன. ஒனாசிஸின் உறவினர்கள் சிலர் கொல்லப்பட்டனர், அப்பா சிறையில் அடைக்கப்பட்டார். குடும்பம் சொத்தையெல்லாம் விட்டுவிட்டு கிரீஸுக்கு அகதிகளாக வந்து சேர்ந்தது. அப்போ ஒனாசிஸுக்கு வயசு 16.

அடுத்த வருஷமே தனியாக அர்ஜென்டினாவுக்குக் கப்பல் ஏறினார். பியூனஸ் அயர்ஸில் டெலிபோன் ஆபரேட்டராக நைட் ஷிஃப்ட், பகலில் புகையிலை வியாபாரம். சில வருடங்களில் கையில் பெரிய தொகை சேர்ந்தது. 1930களில் உலகமே பொருளாதார மந்தத்தில் கிடந்தபோது, ஓடாமல் நின்ற சரக்குக் கப்பல்களை அடிமாட்டு விலைக்கு வாங்கினார். பிறகு எண்ணெய்க் கப்பல்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு எண்ணெய்த் தேவை எகிற, ஒனாசிஸும் எகிறினார்.

எல்லாம் நேர்வழின்னு சொல்ல முடியாது. வரியும் கட்டுப்பாடும் குறைவு என்பதற்காகவே பனாமா, லைபீரியா நாட்டுக் கொடிகளின் கீழ் கப்பல்களை ஓட்டினார். அமெரிக்கக் குடிமக்களுக்கு மட்டுமே விற்க வேண்டிய உபரிக் கப்பல்களை வாங்கிய வழக்கில், 1955-ல் 70 லட்சம் டாலர் கட்டித்தான் வெளியே வந்தார்.

போர்க்கப்பல் எப்படி சொகுசுக் கப்பல் ஆச்சு?

கனடா கடற்படையின் ஸ்டார்மான்ட் என்ற போர்க்கப்பல், 1944-ல் நார்மண்டி தரையிறக்கத்தில் பங்கெடுத்தது. போர் முடிஞ்சதும் வேலை இல்லாமல் போனது. அதைக் காயலாங்கடை விலைக்கு, வெறும் 34,000 டாலருக்கு வாங்கினார் ஒனாசிஸ். ஜெர்மனியின் கீல் நகரில் அதை மாற்றியமைக்க மட்டும் சுமார் 40 லட்சம் டாலர் செலவு. 1954-ல் 99 மீட்டர் நீளத்தில் புதுக் கப்பல் தயார். மகளின் பெயரையே அதற்கு வைத்தார்: கிறிஸ்டினா.

மேல்தளத்தில் மொசைக் பதித்த நீச்சல் குளம். ஒரு பட்டனை அழுத்தினால் அதன் தரை அப்படியே மேலே எழும்பி நடன மேடையாகிவிடும். கடலிலும் இறங்கக்கூடிய சின்ன விமானம் ஒன்றையும் கப்பல் சுமந்து சென்றது. விருந்தினர் அறைகளுக்குக் கிரேக்கத் தீவுகளின் பெயர்கள். பார் நாற்காலிகளுக்குத் திமிங்கலத் தோலில் உறை. அந்தத் தோலுக்குப் பின்னாடியும் ஒரு கதை இருக்கு. ஒனாசிஸிடம் திமிங்கல வேட்டைக் கப்பல்களும் இருந்தன. 1954-ல் அவற்றில் சிலவற்றை பெரு கடற்படை சிறைபிடித்தது. இன்றைய கண்ணோட்டத்தில் அந்த நாற்காலிகளை ரசிப்பது கஷ்டம்தான்.

கரையில் அவருக்கு வீடுகள் இல்லாமல் இல்லை. ஆனா வருஷத்தில் பெரும்பகுதி இந்தக் கப்பலே வீடு, இதுவே ஆபீஸ்.

1959 கோடைப் பயணம்: என்ன நடந்தது?

1959 ஜூலையில் மொனாக்கோவிலிருந்து கிறிஸ்டினா புறப்பட்டது. பிரிட்டன் முன்னாள் பிரதமர் சர்ச்சிலும் அவர் மனைவியும் முக்கிய விருந்தினர்கள். ஒபெரா பாடகி மரியா காலஸ் தன் கணவர் மெனெகினியுடன் வந்திருந்தார். ஒனாசிஸின் மனைவி டீனாவும் கப்பலில் இருந்தார்.

இத்தாலியக் கரை, கிரேக்கத் தீவுகள், பிறகு துருக்கிப் பக்கம் என மூன்று வாரப் பயணம். ஜூலை, ஆகஸ்டில் ஏஜியன் கடலில் மெல்டெமி என்ற வடகாற்று நாள் கணக்கில் அடிக்கும். சின்னப் பாய்மரப் படகுகள் துறைமுகத்தை விட்டு நகரவே யோசிக்கும். 99 மீட்டர் கப்பலுக்கு அந்தக் கவலை குறைவு.

டார்டனெல்ஸ் நீரிணையை மட்டும் இரவில் கடந்தார்கள். 1915-ல் சர்ச்சில் முன்னின்று நடத்திய கலிபோலி படையெடுப்பு படுதோல்வி அடைந்த இடம் அது. வயதான விருந்தினர் அந்தக் கரையைப் பார்த்து வருந்தக் கூடாது என்பதற்காகவே இந்த ஏற்பாடு.

அதே பயணத்தில் கப்பல் ஸ்மிர்னாவிலும் நின்றது. 37 வருடங்களுக்கு முன்பு எந்தக் கரையிலிருந்து தப்பி ஓடினாரோ, அதே கரை. இந்த முறை சொந்தக் கப்பலில் வந்து, தான் வளர்ந்த இடங்களை விருந்தினர்களுக்குச் சுற்றிக் காட்டினார் ஒனாசிஸ்.

ஆனா பத்திரிகைகளுக்குக் கிடைத்த செய்தி வேற. ஒனாசிஸும் காலஸும் காதலில் விழுந்திருந்தார்கள். சில மாதங்களிலேயே காலஸ் கணவரைப் பிரிந்தார். 1960-ல் டீனா விவாகரத்து பெற்றார். அலெக்சாண்டர், கிறிஸ்டினா என்ற இரண்டு பிள்ளைகளுக்கும் அப்போ 12, 9 வயசு. பெற்றோர் பிரிந்ததை அந்தப் பிள்ளைகள் ஏற்கவே இல்லை.

ஜாக்குலின் எப்படி வந்தார்?

1963 ஆகஸ்டில் கென்னடி தம்பதியின் ஆண் குழந்தை பிறந்த இரண்டே நாளில் இறந்தது. சோகத்தில் இருந்த ஜாக்குலினைக் கப்பல் பயணத்துக்கு அழைத்தார் ஒனாசிஸ். தேர்தல் நெருங்கும் நேரத்தில் அதிபரின் மனைவி இவர் கப்பலில் போகலாமா என்று அமெரிக்காவில் முணுமுணுப்பு எழுந்தது. இருந்தும் அக்டோபரில் தங்கை லீயுடன் போனார். அடுத்த மாதமே, நவம்பர் 22-ல் கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டார்.

இதற்கிடையே அயோனியன் கடலில், லெஃப்காடாவுக்குப் பக்கத்தில் ஸ்கார்ப்பியோஸ் என்ற குட்டித் தீவை விலைக்கு வாங்கியிருந்தார் ஒனாசிஸ். கிரீஸின் மேற்குப் பக்கம் இது. மெல்டெமி தொல்லை இங்கே இல்லை. காலையில் கடல் கண்ணாடி மாதிரி இருக்கும், மதியத்துக்கு மேல் இதமான காற்று வரும். மரங்கள் நட்டு, சாலை போட்டு தீவையே மாற்றினார். 1968 அக்டோபர் 20-ல் அங்குள்ள சின்னத் தேவாலயத்தில் மழைக்கு நடுவே ஜாக்குலினைத் திருமணம் செய்தார். விருந்து கிறிஸ்டினா கப்பலில். ஒன்பது வருடம் உடன் இருந்த காலஸுக்கு அது பேரிடி.

மகன் போன பிறகு...

1973 ஜனவரியில் ஏதென்ஸ் விமான நிலையத்தில், கடலிலும் இறங்கக்கூடிய அப்பாவின் பியாஜியோ விமானம் கிளம்பிய சில நொடிகளில் விழுந்தது. உள்ளே அலெக்சாண்டர். மறுநாள் உயிர் பிரிந்தது. வயசு 24. விமானத்தைத் திருப்பும் கட்டுப்பாட்டுக் கம்பிகள் தலைகீழாக இணைக்கப்பட்டிருந்தது விசாரணையில் தெரிந்தது. இது சதி என்றே நம்பினார் ஒனாசிஸ். நிரூபிப்பவருக்கு 10 லட்சம் டாலர் தருவதாக அறிவித்தார். யாரும் வரவில்லை.

அதன் பிறகு அவர் பழைய ஒனாசிஸ் இல்லை. தசைகளைப் பலவீனப்படுத்தும் மயஸ்தீனியா நோயும் சேர்ந்துகொள்ள, 1975 மார்ச் 15-ல் பாரிஸ் அருகே இறந்தார். ஸ்கார்ப்பியோஸில், மகனுக்குப் பக்கத்திலேயே அடக்கம் செய்தார்கள்.

கப்பலை மனைவியும் மகளும் வைத்துக்கொள்ளலாம், செலவு கட்டுப்படி ஆகலைன்னா கிரேக்க அரசுக்குக் கொடுத்துவிட வேண்டும் என்று உயிலில் எழுதியிருந்தார். 1978-ல் மகள் அதை அரசுக்கே கொடுத்தார். ஆர்கோ என்று பெயர் மாறி, அதிபரின் கப்பலாகி, பிறகு கவனிப்பாரின்றித் துருப்பிடித்தது. 1998-ல் ஒரு கிரேக்கத் தொழிலதிபர் வாங்கிப் புதுப்பித்தார். இப்போ கிறிஸ்டினா ஓ என்ற பெயரில் வாடகைக்கு ஓடுகிறது. அந்த நடன மேடை நீச்சல் குளம் அப்படியே இருக்கு.

மகள் கிறிஸ்டினா 1988-ல், 37 வயதில், அப்பா பிழைப்புத் தேடிப் போன அதே பியூனஸ் அயர்ஸில் இறந்தார். 2013-ல் பேத்தி அத்தினா, ஒரு ரஷ்யக் கோடீஸ்வரர் குடும்பத்துக்குத் தீவைக் கைமாற்றினார். எதிரே உள்ள நிட்ரி ஊர் இன்று வாடகைப் பாய்மரப் படகுகளுக்குப் பேர் போனது. கடற்கரையில் ஒனாசிஸுக்குச் சிலை இருக்கு. அங்கிருந்து கிளம்பும் சுற்றுலாப் படகுகள் கோடை முழுக்க ஸ்கார்ப்பியோஸைச் சுற்றி வருகின்றன. அப்பா, மகன், மகள் மூவரின் கல்லறைகளும் அந்தத் தீவில்தான் இருக்கின்றன.