தென்னையின் நோயை வானிலிருந்து கண்டவர்

பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டாரத்தில் நாலு தென்னை இல்லாத புரையிடம் அரிது. ஓலை சோர்ந்து, மஞ்சளித்து, காய்ப்புக் குறைந்து போகும் வேர்வாடல் நோய் எவ்வளவு பெரிய நஷ்டம் என்பது தென்னையை நம்பிப் பிழைப்பவர்களுக்குத் தெரியும். இந்த நோயைத் தேடி ஆகாயத்தில் ஏறியதில்தான் நம் நாட்டின் தொலையுணர்வு விஞ்ஞானம் பிறந்தது. அதற்குத் தலைமை தாங்கியவர் பேராசிரியர் பி.ஆர். பிஷாரடி.

1909 பிப்ரவரி 10-ல் பாலக்காட்டுப் பக்கம் கொல்லங்கோட்டில் பிறந்த பிஷாரடி, சென்னை லயோலா கல்லூரியில் விரிவுரையாளராக இருந்தார். பெங்களூரில் ஸர் சி.வி. ராமனிடம் ஆராய்ச்சி செய்தார். 1942-ல் வானிலை இலாகாவில் சேர்ந்தார். பின்னர் அமெரிக்கா சென்று டாக்டர் பட்டம் பெற்றுத் திரும்பினார். 1962-ல் புனேயில் துவங்கிய வெப்பமண்டல வானிலை ஆராய்ச்சி நிலையத்தின் முதல் இயக்குநர் அவரே. ஓய்வு பெற்ற பின்னும் ஓயாமல், அகமதாபாத்தில் விக்ரம் சாராபாயுடன் சேர்ந்தார்.

அப்போது நமக்கென்று செயற்கைக்கோள் கிடையாது. 1970 வாக்கில், அகச்சிவப்பு ஒளியைப் பதிவு செய்யும் பிலிம் போட்ட காமிராவுடன் ஒரு ஹெலிகாப்டர் கேரளத் தென்னந்தோப்புகளின் மேல் பறந்தது. நல்ல ஓலை அகச்சிவப்பு ஒளியை மிகுதியாகத் திருப்பி அனுப்பும். நோய் கண்ட ஓலை குறைவாகவே அனுப்பும். ஆகவே படத்தில் நல்ல மரம் செக்கச்செவேலென்றும், நோய் மரம் மங்கலாகவும் விழுந்தது. மரம் மரமாகப் போய்ப் பார்க்காமலே நோயின் பரப்பை அறியலாம் என்று தெரிந்தது.

பிறகு 1979-ல் பாஸ்கரா வானில் ஏறியது. அதன் காமிராவுக்கு ஒரு கிலோமீட்டர் இடம் ஒரே புள்ளி. தோப்பு முழுவதும் அதற்குள் மறைந்துவிடும். 1988-ல் ஏறிய ஐ.ஆர்.எஸ். 1-ஏ அதை 36 மீட்டராகச் சுருக்கியது. 2019-ல் ஏவப்பட்ட கார்ட்டோசாட்-3 கால் மீட்டர் அளவையும் காட்டும் திறனுள்ளது. ஒற்றைத் தென்னையின் கொண்டையே அதில் தெரியும்.

1970-ல் பத்மஸ்ரீ விருது பெற்ற பிஷாரடி, 2002 செப்டம்பர் 24-ல் காலமானார்.

வேர்வாடல் நோய்க்கு இன்றும் முழுமையான மருந்து இல்லை. எல்லை தாண்டி குமரி மாவட்டத்திலும் அது பரவியுள்ளது. எந்த மரத்துக்கு நோய் என்று வானம் காட்டும். காய்ப்பற்ற மரத்தை அகற்றுவதும், மற்றதற்கு உரமிட்டுக் காப்பதும் கீழே நிற்பவர் கையில்தான் உள்ளது.