மனிதரை இணைக்க மொழி கண்ட மருத்துவர்

தாய்மொழி நமக்குக் கண் போன்றது. ஆயினும், அயலார் மொழி விளங்காமையால் ஐயமும் பகையும் வளர்தல் உண்டு. அப்பகையைப் போக்கத் தம் வாழ்நாளை ஈந்த பெருமகனார் டாக்டர் லுட்விக் சாமன்ஹோப் ஆவார்.

அன்னார் 1859ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 15ஆம் நாள் பியாலிஸ்டொக் நகரில் யூதக் குடும்பமொன்றில் பிறந்தார். இன்று போலந்திலுள்ள அந்நகர் அந்நாளில் ரஷ்யப் பேரரசைச் சார்ந்திருந்தது. யூதர், போலந்தியர், ரஷ்யர், ஜெர்மானியர் ஆகியோர் ஆங்கு வெவ்வேறு மொழி பேசிப் பிணங்கி வாழ்ந்தனர். இதனைக் கண்டு வருந்திய சிறுவர், எல்லார்க்கும் பொதுவான எளிய மொழியொன்றை ஆக்க எண்ணினார். பின்னர்க் கண் மருத்துவராகி, வார்சா நகரில் ஏழை எளியோர்க்கும் பணியாற்றினார்.

1887ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் தம் மொழியை விளக்கும் சிறு நூலை வெளியிட்டார். அச்சுச் செலவுக்கு மாமனார் உதவினார். நம்புகிறவர் எனப் பொருள்படும் எஸ்பெராண்டோ என்னும் புனைபெயரே பின்னர் மொழிக்கும் பெயராயிற்று. அதன் இலக்கண விதிகள் 16. வேர்ச்சொற்கள் ஏறத்தாழ 900.

தம் மொழி உயர்ந்த கருத்துகளைத் தாங்குமா எனக் காட்ட, கிறிஸ்தவர்களின் பரமண்டல ஜெபத்தை மொழிபெயர்த்து அந்நூலில் சேர்த்தார். ஐரோப்பியர் பலரும் மனப்பாடமாய் அறிந்த ஜெபம் அது. ஆதலின் பொருளை எளிதில் ஒப்பிட்டு அறியலாம். அதன் முதற்சொல் தந்தையைக் குறிக்கும் பத்ரோ. அதனிடையே 'இன்' சேர்த்துப் பத்ரினோ என்றால் தாய். ஒரு வேரறிந்தால் பல சொல் அறியலாம்.

ஈண்டு நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். 1881இல் வார்சாவில் யூதருக்கு எதிராகப் பெருங்கலவரம் மூண்டது. அத்துன்பத்தை அறிந்தவரே ஆறாண்டுகளுக்குள் பிற சமயத்தாரின் ஜெபத்தைப் பெருமதிப்போடு மொழிபெயர்த்தார். பின்னாளில் தம் முன்னோரின் மறையாகிய பழைய ஏற்பாட்டையும் எபிரேயத்திலிருந்து பெயர்த்து முடித்தார்.

முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1917ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள் அவர் மறைந்தார். இரண்டாம் உலகப் போரில் அவர்தம் மக்கள் மூவரையும் நாஜிகள் கொன்றனர். எனினும் அவர் தந்த மொழி அழியவில்லை. பல நாடுகளில் இன்றும் பேசப்படுகிறது.

மாணவச் செல்வங்களே! தாய்மொழியைப் போற்றுங்கள். அடுத்த வீட்டாரின் மொழியையும் வழிபாட்டையும் மதித்துக் கற்றுக்கொள்ளுங்கள். அதுவே இப்பெரியாருக்கு நாம் செய்யும் நன்றியாகும்.