கானகம் காத்த கிளெக்கார்ன்

நாட்டிற்குரிய அரண்களை வகுத்துரைத்த திருவள்ளுவனார், நீரொடும் நிலத்தொடும் மலையொடும் காட்டினையும் சேர்த்தெண்ணினார். பழந்தமிழர் அறிந்த இவ்வுண்மையைச் சென்னை இராசதானியின் ஆங்கில ஆட்சியாளர் உணரத் தலைப்பட்டது பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலேயாம். அவர்க்கு அதனை எடுத்துணர்த்தியவருள் தலைசிறந்தவர் டாக்டர் ஹியூ கிளெக்கார்ன். அவர்தம் வரலாற்றினை ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுகின்றோம்.

கிளெக்கார்ன் 1820ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 9ஆம் நாள் சென்னை மாநகரிலே பிறந்தார். இளமையிலேயே ஸ்காட்லாந்துக்கு அனுப்பப்பெற்று, எடின்பரோவில் மருத்துவம் பயின்று, 1841இல் பட்டம் எய்தினார். மறு ஆண்டே மருத்துவராய்ப் பிறந்த ஊருக்கு மீண்டார். மைசூர் நாட்டுச் சிவமொக்கைப் பகுதியில் பணிபுரிந்த காலத்தில், செடிகொடிகளை நாள்தோறும் ஆராய்வதும், நம் நாட்டு ஓவியரைக் கொண்டு அவற்றை வரைவிப்பதும் அவர்க்கு வழக்கமாயின. காடுகள் அழிந்து வருவதையும் அவர் ஆங்கே நேரிற் கண்டார். உடல்நலங் குன்றித் தாயகஞ் சென்றிருந்தபோதும் அக்கவலை அவரை விட்டிலது. வெப்பநாட்டுக் காடுகளின் அழிவால் விளையுங் கேட்டினைக் குறித்து, அறிஞர் சிலருடன் கூடி ஆராய்ந்து, 1851இல் பிரிட்டிஷ் அறிவியற் கழகத்திற்கு ஓர் அறிக்கை அளித்தார். பின்னர்ச் சென்னை மருத்துவக் கல்லூரியில் தாவரநூற் பேராசிரியரானார்.

1856ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் முதல் நாள் இராயபுரத்தினின்றும் வாலாஜா வரையில் தென்னாட்டின் முதற் புகைவண்டிப் பாதை திறக்கப்பெற்றது. இந்நாள் அம்பத்தூரிலும் ஆவடியிலும் நாம் ஏறியிறங்கும் பாதை அவ்வழியின் பகுதியே. அவ்வாண்டிலேயே கிளெக்கார்ன் இராசதானியின் முதற் காட்டுக் காப்பாளராய் அமர்த்தப்பெற்றார். இவ்விரு நிகழ்ச்சிகளும் ஒன்றோடொன்று தொடர்புடையன. ஒரு மைல் தொலைவுக்குத் தண்டவாளம் இடுதற்கு ஏறத்தாழ 1,760 முதல் 2,000 வரை குறுக்குக் கட்டைகள் வேண்டும். மண்ணிற் கிடந்து மழையில் நனையும் அக்கட்டைகளைச் சில ஆண்டுகளுக்கொருமுறை மாற்றுதலும் வேண்டும். வண்டியை இழுக்கும் பொறியோ விறகினை உண்டு ஓடியது. ஆகவே, காட்டைக் காத்தலும் காட்டு மரத்தை அளித்தலும் ஆகிய இரு கடமைகள் ஒருவர் தோள்மீதே ஏறின.

மரம் வெட்டுதலே ஆகாதென்று அவர் கூறினாரல்லர். தேக்கு முதலிய உயர்ந்த மரங்களை இசைவின்றி வெட்டலாகாது என்றும், வெட்டிய இடத்தில் நட்டு ஈடு செய்தல் வேண்டும் என்றும் நெறி வகுத்தார். மலையாள மாவட்டத் தலைவர் கனோலி 1840களில் நிலம்பூரில் தொடங்கிய தேக்குத் தோட்டம் அதற்கு நற்சான்றாயிற்று. சென்னையை அடுத்த கடற்கரை மணலிற் சவுக்குத் தோப்புகள் வளர்ந்ததும் விறகுக்காகவேயாம். 1858இல் ஆனைமலையின் உயர்முடிகளுக்கு ஏறிச்சென்று ஆராய்ந்தார். 1861இல் தென்னிந்தியக் காடுகளையும் தோட்டங்களையும் பற்றிய தம் நூலை வெளியிட்டார்.

நிற்க, தீயினைப் பற்றி அவர் கொண்ட கருத்து யாது? மலைவாணர் வேனிலிற் காட்டின் ஒரு பகுதியை வெட்டி எரித்து, சாம்பலிற் கேழ்வரகு முதலியன விதைத்து, ஓரிரு விளைச்சலின் பின் வேறிடம் பெயர்வர். குமரி என்று வழங்கிய இம்முறை, நம் குறிஞ்சிப் பாடல்களிற் பயிலும் தினைப்புனத்தின் வழிவந்ததே எனலாம். இதனைக் கிளெக்கார்ன் காட்டின் பெரும் பகையெனக் கருதினார். 1860இல் அரசினர் காடுகளில் இது தடுக்கப்பெற்றது. புகைவண்டிக்கு வாயில் திறந்தது. மலைவாணர்தம் புனத்திற்கோ வாயில் அடைபட்டது. அவருடைய பணியினைப் போற்றும் நாம் இதனை மறைத்தல் நேர்மையன்று.

இற்றைநாள் அறிவு இவ்விடத்து அவரினும் வேறுபடுகின்றது. என்றும் ஈரம் புலராத சோலைக்காடு தீயினைத் தாங்காது. ஒருமுறை வெந்தால் மீள்வதற்கு நெடுங்காலம் செல்லும். இலையுதிர் காடுகளோ அத்தன்மையவல்ல. ஆங்கே, வேனிலின் தொடக்கத்திற் புல்லளவில் எரிந்தணையும் சிறுதீ சருகினைக் குறைக்கும். அதனையும் பல்லாண்டு தடுத்துவிடின், சருகு குவிந்து, பின் மூளும் பெருந்தீ மரங்களையே பற்றும். பிலிகிரிரங்கன் மலையில் வாழும் சோலிகர், சிறுதீ நின்றபின் உண்ணிச்செடி காடெங்கும் பரவியது என்பர். ஆய்வாளரும் அதனைப் பொருட்படுத்தி ஆராய்ந்துள்ளனர். மரம் நடுதலிலும் இவ்வாறே இடமறிதல் வேண்டும். நீலகிரியில் விறகிற்கென வந்த கற்பூரமரமும் சீகைமரமும் சோலையின்மேல் விழும் கோடரியைத் தணித்தன. ஆயினும், சோலையை அடுத்த புல்வெளிகளைப் பின்னர் அவையே கவர்ந்துகொண்டன.

கிளெக்கார்ன் பின்னர்ப் பஞ்சாபு நாட்டுக் காடுகளையும் ஆராய்ந்து, பிராண்டிஸ் பெருமகனாரொடு இந்தியக் காட்டுத்துறைக்கு அடிகோலினார். இறுதியில் ஸ்காட்லாந்து சென்று தங்கி, 1895ஆம் ஆண்டு மே மாதத்தில் உயிர்நீத்தார்.

காட்டினைக் கணக்கின்றி வெட்டிய காலத்தில், கணக்கிட்டு வெட்டுக என்று ஆட்சியாளரைக் கேட்கச் செய்தது அவர்தம் அழியாப் புகழ். அக்கணக்கினுள் மலைவாணரின் அறிவும் உணவும் இடம்பெறாமை அவர்தம் குறை. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் அக்குறையினைத் தீர்க்கப் புகுந்துளது. எம்மரத்தை வெட்டலாம், எச்சோலையைத் தொடலாகாது, எப்புல்லினை எரிய விடலாம் என்பனவற்றை இனி ஆராய்வோர், அலுவலகத்து ஏட்டோடு மலைவாணர் சொல்லையும் கேட்டுத் துணிவாராக.