ஆறு புள்ளி தந்த லூயி பிரெயில்



நமது இராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் முதுமையினாலோ சர்க்கரை வியாதியினாலோ பார்வை இழந்தவர்களை நீங்கள் அறிவீர்கள். அவர்களை ஒரு மூலையில் உட்காரவைத்து, சகல காரியங்களையும் நாமே செய்து முடிக்கிறோம். அன்பு அவ்வளவுதானா? லூயி பிரெயிலின் சரித்திரத்தைக் கேளுங்கள்.

பிரான்சு தேசத்தில் கூவ்ரே என்னும் கிராமத்தில், 1809-ம் ஆண்டு ஜனவரி 4-ந் தேதி லூயி பிறந்தார். தகப்பனார் குதிரைச் சேணம் தைக்கும் தொழிலாளி. மூன்று வயதில் குழந்தை பட்டறையில் விளையாடியபோது, தோலைத் துளைக்கும் குத்தூசி கண்ணில் பாய்ந்தது. புண் மறு கண்ணையும் கெடுத்தது. ஐந்து வயதில் இரு கண்களும் இருண்டன.

பெற்றோர் அழுதுகொண்டு உட்கார்ந்துவிடவில்லை. தகப்பனார் கைத்தடி செய்து கொடுத்தார். அதைத் தட்டிக்கொண்டு சிறுவன் ஊர்ப் பாதைகளில் தனியே நடக்கப் பழகினான். பங்குக் குருவானவர் பல்லுயி சுவாமி அவனுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தார். ஊர்ப் பள்ளியிலும் சேர ஏற்பாடு செய்தார்.

1819-ல், பத்து வயதில், பாரீஸ் பட்டணத்துப் பார்வையற்றோர் பள்ளிக்குச் சென்றான். அங்கிருந்த புத்தகங்களில் சாதாரண எழுத்துக்களே புடைப்பாக அச்சிடப்பட்டிருந்தன. ஒவ்வோர் எழுத்தாகத் தடவி வாசிப்பதற்குள் பொழுது போய்விடும். அவ்விதம் தன் கையால் எழுதவோ வழியில்லை. பின்பு பார்பியே என்ற முன்னாள் இராணுவ அதிகாரி பன்னிரண்டு புள்ளிகளால் எழுதும் முறையைக் கொண்டுவந்தார். அது விரல் நுனிக்குள் அடங்கவில்லை.

லூயி இரவிலும் விடுமுறையிலும் உழைத்தார். 1824-ல், பதினைந்தாம் வயதில், ஆறே புள்ளிகளில் எழுத்துக்கள் அனைத்தையும் அமைத்துவிட்டார். விரல் ஒருமுறை தொட்டால் எழுத்து விளங்கும். எழுதும் கருவியோ, அவருடைய கண்ணைப் பறித்த குத்தூசியைப் போன்றதே!

அதே பள்ளியில் ஆசிரியரானார். பாரீஸ் கோவில்களில் ஆர்கன் வாசித்தார். பார்வையற்றோர் பார்வையுள்ள தம் வீட்டாருக்கும் தாங்களே கடிதம் எழுதும்படி, 1839-ல் வேறொரு புள்ளி முறையையும் வெளியிட்டார். இடையில் பள்ளித் தலைவர் ஒருவர் ஆறு புள்ளி எழுத்தைத் தடுத்தார். மாணவர்கள் மறைவாக எழுதிப் பழகினார்கள். தன் கடிதத்தைத் தானே வாசித்த சுகத்தை அறிந்தவர் அதை விடுவாரோ?

காசநோயால் வாடிய பிரெயில் 1852 ஜனவரி 6-ந் தேதி, 43-ம் வயதில், காலமானார். 1854-ல்தான் பிரான்சு அவர் எழுத்தை முறைப்படி ஏற்றது. 1951-ல் இந்திய பாஷைகளுக்கெல்லாம் பொதுவான பாரதி பிரெயில் உருவாயிற்று. தமிழில் ‘அ’ என்பது அதில் ஒரே ஒரு புள்ளி.

வாசகர்களே, அந்தத் தகப்பனார் கொடுத்த கைத்தடியை மறவாதீர்கள். உங்கள் வீட்டிலும் பார்வை மங்கியவர் இருந்தால், தண்ணீர்ச் செம்பையும் செருப்பையும் தினமும் ஒரே இடத்தில் வையுங்கள். வெளியே போகையில் அவரைப் பிடித்து இழுக்காதீர்கள். அவர் உங்கள் முழங்கையைப் பற்றிக்கொள்ளட்டும். அவரால் செய்யக்கூடிய வேலையை அவர் கையிலிருந்து பிடுங்காதீர்கள். பிள்ளையாயிருந்தால் பள்ளிக்கு அனுப்புங்கள். கண் போயிற்று, கை போகவில்லை.