5 வால்வு ரேடியோ, 70 ரூபாய்: ஜி. டி. நாயுடு

ஜொகூர்த் தோட்டங்களில் கோயில் திருவிழாவென்றால், மைக்கில் ஒருவர் மெதுவாகப் பேசினாலும் கடைசி லயம் வரை கேட்கும். ரேடியோ பாடுவதும் அதே வித்தையால்தான். அந்த வித்தை ஏழைக்கும் எட்டவேண்டுமென்று நினைத்த ஒரு தமிழ்நாட்டுக்காரரைப் பற்றிக் கேளுங்கள்.

ஜி. டி. நாயுடு 1893-இல் கோயமுத்தூர்ப் பக்கம் கலங்கல் கிராமத்தில் பிறந்தார். பள்ளிப் படிப்பு அவருக்கு ஒத்துவரவில்லை. (பிள்ளைகளே, இதை மட்டும் பிடித்துக்கொள்ளாதீர்கள்!) வெள்ளைக்காரர் ஒருவர் ஓட்டிவந்த மோட்டார் சைக்கிளைப் பார்த்தார், ஆசை பிடித்துக்கொண்டது. ஓட்டலில் பரிமாறும் வேலை செய்து, கூலியைச் சேர்த்து, ஒரு வண்டி வாங்கினார். வாங்கி என்ன செய்தார் தெரியுமா? அக்கக்காகக் கழற்றிப் பார்த்தார்! 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் ஒரே ஒரு பஸ் விட்டவர், பின்னர் பெரிய பஸ் முதலாளியானார்.

1941-இல், ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குத் தர முடியும் என்று அறிவித்தார். ரேடியோ வசதியுள்ளவர் வீட்டுச் சாமானாக இருந்த காலம் அது.

வால்வு என்ன செய்கிறது? ஏரியலில் விழும் சமிக்ஞை, ஒரு வோல்ட்டின் பல்லாயிரத்தில் ஒரு பங்குதான். அதுவே ஊதிப் பெரிதாகிவிடுவதில்லை. தண்ணீர்த் தொட்டிக் குழாயை நினைத்துக்கொள்ளுங்கள். திருகுவது சின்னக் கை. கொட்டுவது தொட்டித் தண்ணீர். வால்வுக்குள் சூடான ஒரு முனையிலிருந்து தகட்டுக்கு எலெக்ட்ரான்கள் ஓடும். நடுவே ஒரு கம்பி வலை. 1906-இல் அமெரிக்கர் லீ டி பாரஸ்ட் வைத்தது. பலவீனமான சமிக்ஞை அந்த வலையில் ஏறி இறங்க, தகட்டுக்குப் போகும் பெரிய மின்னோட்டமும் அதே தாளத்தில் கூடிக் குறையும். பலம் பேட்டரியோ மின்கம்பியோ கொடுப்பது; தாளம் மட்டுந்தான் சமிக்ஞையுடையது. ஒன்று பெருக்கியதை அடுத்த வால்வு வாங்கி மேலும் பெருக்கும். அதனால்தான் ஒன்று போதாமல் ஐந்து. ஆனாலும் ஐந்துமே பெருக்குவதில்லை. வழக்கமாக ஒன்று, மாறுமின்சாரத்தை நேர்மின்சாரமாக்கும் வேலைக்குப் போய்விடும். 1947-இல் கண்டுபிடித்த டிரான்சிஸ்டர், இதே வேலையைக் கண்ணாடிக் குழலும் சூடும் இல்லாமல் செய்தது.

1945-இல் கோவையில் ஒரு தொழிற்கல்விக்கூடம் தொடங்க நாயுடு முன்னின்றார். தொழில் கற்க இத்தனை வருஷம் எதற்கு, ஏழைப் பிள்ளை சீக்கிரம் கற்றுச் சம்பாதிக்கட்டுமே என்பது அவர் கட்சி. அரசாங்கம் இசையவில்லை, பொறுப்பை விட்டு விலகினார். 1974-இல் காலமாகும்வரை அந்தக் கட்சியை அவர் மாற்றிக்கொள்ளவே இல்லை.