மெழுகுவத்தி ஒளியில் தொடங்கிய கல்விச்சாலை
(குவின்டின் ஹாக் வாழ்வும் பணியும்)

கல்விக்குப் பொருள் கொடுக்கும் செல்வர் எக்காலத்தும் உளர். பள்ளிக்குக் கட்டடம் எழுப்புவோரும், ஏழை மாணவர்க்கு நூலும் உடையும் வழங்குவோரும் எல்லா ஊர்களிலும் போற்றப்படுகின்றனர். ஆயின், பொருளோடு தம் மாலைப் பொழுதுகளையும் உடலுழைப்பையும் சேர்த்து, வாழ்நாளின் இறுதி வரை கொடுத்தவர் மிகச் சிலரே. அவருள் ஒருவர் இலண்டன் மாநகரில் வாழ்ந்த குவின்டின் ஹாக் என்னும் சர்க்கரை வணிகர். பாலிடெக்னிக் என்னும் சொல் இன்று நம் இல்லங்களில் பழகிய சொல். அச்சொல் இலண்டனில் உழைக்கும் இளைஞர்தம் கல்விச்சாலையைக் குறிக்கும் பெயராக நிலைபெற்றமைக்கு இவரே காரணர்.

ஹாக் 1845ஆம் ஆண்டு பிப்ரவரி 14ஆம் நாள் இலண்டனில் பிறந்தார். தந்தை சர் ஜேம்ஸ் வெயர் ஹாக் கல்கத்தாவில் வழக்கறிஞராகப் பெரும்பொருள் ஈட்டித் திரும்பியவர். கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைவர் பதவியையும் வகித்தவர். செல்வக் குடும்பத்துப் பிள்ளைகள் பயிலும் ஈட்டன் பள்ளியில் ஹாக் பயின்றார். கால்பந்தாட்டத்தில் பெருவிருப்புடையவராய் விளங்கினார். 1863இல் பள்ளியை விட்டு நீங்கி, முதலில் ஒரு தேயிலை வணிக நிலையத்திலும், பின்னர் ஒரு சர்க்கரை வணிக நிலையத்திலும் பணியில் அமர்ந்தார். அந்நிலையத்தின் தலைமைப் பங்காளராகவும் பின்னாளில் உயர்ந்தார்.

அக்காலத்து இலண்டன் உலகின் மிகப் பெரிய நகரம்; அதன் செல்வத்திற்கு அளவில்லை; வறுமைக்கும் அளவில்லை. பெற்றோரை இழந்த சிறுவரும், பெற்றோரிருந்தும் பேணப்படாத சிறுவரும் பல்லாயிரவர் தெருவிலேயே வளர்ந்தனர். குதிரைவண்டிகள் ஓடும் வீதிகளில், செல்வர் கடந்து செல்லும் வழியைப் பெருக்கி ஓரிரு காசு பெறுவது சிலர்க்குத் தொழில். வழிப்போக்கரின் காலணிக்கு மையிட்டு மெருகேற்றுவது சிலர்க்குத் தொழில். களவு பலர்க்குத் தொழில். எழுத்தறிவு இவர்களை எட்டவில்லை.

ஒரு நாள் மாலை, வீதி பெருக்கும் சிறுவர் இருவரைக் கண்டு, படிக்க விருப்பமுண்டா என்று ஹாக் வினவினார். அவர்கள் இசைந்தனர். தேம்ஸ் ஆற்றங்கரைக்கு அருகே, அடெல்ஃபி மாளிகைகளின் அடியிலுள்ள இருண்ட வளைவுகளின் கீழ் மூவரும் அமர்ந்தனர். வெற்றுப் புட்டி ஒன்றின் வாயில் செருகிய மெழுகுவத்தியே விளக்கு, விவிலியமே பாடநூல். எழுத்துக் கூட்டத் தொடங்கிச் சிறிது நேரமே கழிந்திருக்கும்; காவலர் ஒருவரின் விளக்கொளி தொலைவில் தோன்றியது. சிறுவர் இருவரும் மெழுகுவத்தியை அணைத்துவிட்டு நொடியில் மறைந்தனர். இளம் ஆசிரியர் புட்டியுடன் தனித்து நின்றார்.

இந்நிகழ்ச்சி அவருக்கு ஓர் உண்மையை உணர்த்தியது. அச்சிறுவர்தம் மொழியும் அச்சமும் பசியும் தமக்குத் தெரியா. தாம் அறியாத ஒருவர்க்குத் தாம் எதனைக் கற்பித்தல் இயலும்? எனவே, கற்பிக்குமுன் தாமே கற்கப் புகுந்தார். காலணி மெருகிடும் சிறுவன் ஒருவனின் பழைய பெட்டியும் தூரிகைகளும் வாங்கி, கிழிந்த உடை உடுத்து, பகற்பொழுதில் வணிக நிலையத்திலும் இரவுப்பொழுதில் தெருவிலுமாக ஏறத்தாழ ஆறு மாதங்கள் வாழ்ந்தார். வாரத்தில் இரண்டு மூன்று இரவுகள் பிறர் காலணிகளுக்கு மெருகிட்டார். குதிரைகளைப் பிடித்து நின்றார். மிடாக்களுக்குள்ளும் படகுகளின் மேலும் அச்சிறுவரோடு படுத்துறங்கினார். அவர்கள் எதற்கு நகைப்பர், எதற்கு வெகுள்வர், எதனால் ஏமாற்றுவர் என்பதெல்லாம் அவ்விரவுகளில் அவர் பயின்ற பாடங்கள்.

பின்னர் சேரிங் கிராஸ் அருகேயுள்ள குறுகிய சந்தொன்றில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்து, கந்தலுடைப் பிள்ளைகளுக்கான பள்ளி ஒன்றைத் தோற்றுவித்தார். உடுக்க ஒன்றுமின்றித் தாயின் சால்வையைச் சுற்றிக்கொண்டு வந்த பிள்ளைகளும் உண்டு. முதலில் பகற்பள்ளி மட்டுமே நடந்தது; ஆசிரியை ஒருவர் கற்பித்து வந்தார். மூத்த சிறுவர்க்கு மாலை வகுப்பும் வேண்டுமென அவ்வம்மையார் விரும்பித் தொடங்கியபோது, முதல் மாலையிலேயே பெருங்கலகம் மூண்டது. நோயுற்றுப் படுக்கையிலிருந்த ஹாக்கிற்கு உடனே வருமாறு செய்தி சென்றது. அவர் மேலங்கி ஒன்றை அணிந்துகொண்டு விரைந்து வந்தபோது, மாணவர்கள் சிலேட்டுகளைக் காவலர்மேல் வீசிக்கொண்டிருந்தனர். அவரைக் கண்டதும் ஆரவாரம் அடங்கியது. தெருவில் தங்களோடு உறங்கிய மனிதருக்கு அவர்கள் அளித்த மதிப்பு அது. அன்று முதல் மாலை வகுப்பின் பொறுப்பு அவருடையதாயிற்று. 1871இல் அவர் மணந்த ஆலிஸ் அம்மையாரும் இப்பணியில் அவருக்குத் துணையானார்.

1870இல் இங்கிலாந்தில் தொடக்கக் கல்விச் சட்டம் நிறைவேறியது. சிறுவர்க்கான பள்ளிகளை அரசின் துணையோடு கல்வி வாரியங்கள் நிறுவத் தொடங்கின. தம் கடமை முடிந்ததென்று ஹாக் அப்போது ஓய்ந்திருக்கலாம். அவர் ஓயவில்லை, தேவை எங்கே இடம் பெயர்ந்தது என்று நோக்கினார். எழுத்தறிந்த சிறுவன் வேலைக்குச் சென்றபின், பதினாறு அகவைக்கு மேல், அவனுக்குக் கற்கும் வழி இல்லை. நாள் முழுதும் உழைத்துக் களைத்த இளைஞனுக்கு மாலையில் மதுக்கடையன்றிப் புகலிடமும் இல்லை. இவர்களுக்கெனப் படிப்பறையும் வகுப்புகளும் கொண்ட மன்றம் ஒன்றை ஹாக் அமைத்தார். 1878இல் அது லாங் ஏக்கர் என்னும் தெருவிலுள்ள பெரிய இடத்திற்கு மாறியது. அங்கும் இடம் போதவில்லை. சேரக் காத்திருப்போர் பட்டியல் நீண்டது.

ரீஜண்ட் வீதியில் 1838 முதல் இயங்கி வந்த ராயல் பாலிடெக்னிக் என்னும் அறிவியல் காட்சிச்சாலை அந்நாளில் நலிந்து மூடப்பட்டது. அதனை 15,000 பவுண்டுக்கு ஹாக் விலைக்கு வாங்கினார். 1882 செப்டம்பரில் இளைஞர் கல்விச்சாலையாக அது திறக்கப்பட்டது. 2,000 பேர் வருவர் என்று எண்ணிய இடத்தில், முதல் ஆண்டிலேயே 6,000க்கும் மேற்பட்டோர் சேர்ந்தனர். தச்சு, கொத்து, குழாய்ப்பணி, தையல், பொறியியல் எனக் கைத்தொழில் வகுப்புகள் மாலைதோறும் நடந்தன. நூலகம், உடற்பயிற்சிக்கூடம், நீச்சற்குளம், சொற்போர் மன்றம் ஆகியனவும் அமைந்தன. அறிவும் உடலும் கைத்திறனும் நன்னடையும் ஒருங்கே வளர்தல் வேண்டும் என்பது அவர்தம் கொள்கை. 1888இல் இளம்பெண்களுக்கெனத் தனிப்பிரிவு தொடங்கப்பட்டது. வேலையற்றோர்க்கு வேலை தேடித் தரும் பிரிவும் பின்னர் ஏற்பட்டது.

இந்நிறுவனத்தின் பயனைக் கண்டவர்கள், நகரின் பிற பகுதிகளிலும் இதனைப் பின்பற்றினர். இலண்டனின் பழைய அறக்கட்டளைப் பொருள்களை மக்கட்பயனுக்குத் திருப்பும் சட்டம் 1883இல் வந்தது. அந்நிதியின் துணையோடு மாநகரெங்கும் பாலிடெக்னிக்குகள் எழுந்தன. உறங்கிக் கிடந்த கட்டளைச் செல்வம், தொழில் கற்கும் கைகளுக்குச் சென்று சேர்ந்தது. 1889இல் அமைந்த முதல் இலண்டன் மாவட்ட மன்றத்தில் ஹாக் ஆல்டர்மன் பதவியேற்றுத் தொண்டாற்றினார். இக்கல்விப் பணிக்கு அவர் தம் சொந்தப் பொருளிலிருந்து செலவிட்டது ஏறத்தாழ 1,00,000 பவுண்டு என்பர்.

இங்கே ஒன்றை மறைத்தல் தகாது. அப்பொருள் சர்க்கரையிலிருந்து வந்தது. அச்சர்க்கரை தென்னமெரிக்காவின் தெமராராக் கரும்புத் தோட்டங்களிலிருந்து வந்தது. அத்தோட்டங்களில் ஒப்பந்தக் கூலிகளாக உழைத்தோருள் பெரும்பாலோர் இந்தியர்; சென்னைத் துறைமுகத்திலிருந்து கப்பலேறிய தமிழரும் அவருள் உண்டு. இலண்டன் தெருச் சிறுவனின் துன்பத்தை அறிய அவனோடு படுத்துறங்கிய அருளாளரின் கண், கடலுக்கு அப்பால் வியர்வை சிந்திய கைகளை அவ்வளவு அணுகிக் காணவில்லை. கொடுக்கும் பொருள் எவ்வழியில் வந்தது என்னும் வினா, எக்காலத்துக் கொடையாளருக்கும் உரியதே. அவ்வினாவினால் அவர் செய்த நன்மை பொய்யாகிவிடாது; அந்நன்மையினால் அவ்வினா மறைந்துவிடுவதும் இல்லை.

இறுதி வரை ஹாக் இளைஞர்களுடனேயே இருந்தார். பிறநாடுகளுக்குப் பிரிந்து சென்ற பழைய மாணவர்க்குத் தம் கையாலேயே மடல் எழுதினார். 1903 ஜனவரி 17ஆம் நாள், பாலிடெக்னிக் கட்டடத்திலேயே, குளியலறையில் பரவிய எரிவாயுவின் நச்சினால் அவர் உயிர் நீத்தார். அப்போது அவருக்கு அகவை ஐம்பத்தேழு. 1906இல் அவருக்குச் சிலை எழுப்பப்பட்டது. அமர்ந்து நூல் படிக்கும் ஹாக்கின் இருபுறமும் இரு சிறுவர் இருக்கும் கோலம் அது. அவர் நிறுவிய கல்விச்சாலை இன்று வெஸ்ட்மின்ஸ்டர் பல்கலைக்கழகமாக விளங்குகிறது.

நம் குடும்பங்களிலும் பலர் சிற்றூர்களை விட்டுப் பெருநகரங்களில் குடியேறியுள்ளனர். நம் வீட்டு வாயிலிலேயே, பள்ளியை இடையில் விட்டுக் கடையிலும் பட்டறையிலும் உழைக்கும் இளையோரைக் காண்கிறோம். அவர்களுக்குக் கட்டடம் எழுப்பும் ஆற்றல் நம்மில் எல்லார்க்கும் இராது. வாரத்தில் ஒரு மாலைப் பொழுது எல்லார்க்கும் உண்டு. கணக்கறிந்தவர் கணக்கும், தொழிலறிந்தவர் தொழிலும், ஒருவர்க்கேனும் சொல்லித் தரலாம். ஹாக்கின் கல்விச்சாலையும் இரண்டு சிறுவர்களோடும் ஒரு மெழுகுவத்தியோடும்தான் தொடங்கியது.