டெபியன் தந்த இயன் மர்டாக்

2011-ஆம் ஆண்டு.

அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் பிளஸ்-2 படித்த பிள்ளைகளுக்கு விலையில்லா மடிக்கணினி கொடுக்கும் திட்டம் தமிழ்நாட்டில் தொடங்கியது. தருமபுரியை அடுத்த நல்லம்பள்ளி போன்ற ஊர்களில், அதுவரை கம்ப்யூட்டரே இல்லாத வீடுகளிலும் கம்ப்யூட்டர் நுழைந்தது.

அந்த மடிக்கணினியில் விண்டோஸ் இருந்தது. கூடவே பாஸ் என்ற இன்னொன்றும் இருந்தது.

கம்ப்யூட்டரை இயங்க வைக்கும் அடிப்படை மென்பொருளுக்கு இயங்குதளம் என்று பெயர். விண்டோஸ் ஓர் இயங்குதளம். பாஸ் இன்னோர் இயங்குதளம். சி-டாக் என்ற மத்திய அரசு நிறுவனம் சென்னையில் உருவாக்கி, 2007-ல் வெளியிட்டது. இதற்கு விலை கிடையாது. யார் வேண்டுமானாலும் பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம், பிறருக்கும் கொடுக்கலாம்.

இந்த பாஸ் எதிலிருந்து வந்தது தெரியுமா? டெபியன் என்ற இயங்குதளத்திலிருந்து!

அந்த டெபியனுக்கு வித்திட்டவர் 20 வயதுக் கல்லூரி மாணவர். அவர் பெயர் இயன் மர்டாக்.

பேராசிரியர் மகன்

இயன் 1973-ஆம் ஆண்டு ஏப்ரல் 28-ந் தேதி ஜெர்மனியில் கான்ஸ்டன்ஸ் நகரில் பிறந்தார். பெற்றோர் அமெரிக்கர். தந்தை இண்டியானா மாநிலத்தில் உள்ள பர்டியூ பல்கலைக்கழகத்தில் பூச்சியியல் பேராசிரியர். சிறு வயதிலேயே இயனுக்குக் கம்ப்யூட்டர் மீது ஆசை வந்துவிட்டது.

அதே பர்டியூவில் கணக்கியல் படிக்கச் சேர்ந்தார். ஆனால் மனம் அதில் ஒட்டவில்லை. கம்ப்யூட்டர் படிப்புக்கு மாறினார்.

அப்போது பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், 1991-ல் லினக்ஸ் என்பதை எழுதி, எல்லாருக்கும் இலவசமாகக் கொடுத்திருந்தார். லினக்ஸ் ஓர் எஞ்சின் மாதிரி. எஞ்சின் மட்டும் இருந்தால் வண்டி ஓடுமா? சக்கரம் வேண்டும், பிரேக் வேண்டும், விளக்கு வேண்டும். அவற்றையெல்லாம் லினக்ஸோடு சேர்த்து ஒரே கட்டாகக் கொடுத்தார்கள் சிலர்.

அப்படி ஒரு கட்டை இயன் பயன்படுத்தினார். பிழைகள் மலிந்து கிடந்தன. திருத்துவார் இல்லை.

அவர் குறை சொல்லிக்கொண்டு உட்கார்ந்துவிடவில்லை. 1993 ஆகஸ்டு 16-ந் தேதி, தாமே புதிதாக ஒன்றைச் செய்யப் போவதாக அறிவித்தார். காதலி டெப்ராவின் பெயரோடு தம் பெயரையும் சேர்த்து டெபியன் என்று பெயர் வைத்தார். டெப்ராவையே பின்னர் மணந்தார். பிற்காலத்தில் இருவரும் பிரிந்தனர். பெயர் மட்டும் பிரியவில்லை.

சந்தையில் கண்ட வழி

ஒரு மாணவரால் இவ்வளவு பெரிய வேலையைச் செய்ய முடியுமா? முடியாது. அது இயனுக்கும் தெரியும். அதனால் வேலையைப் பங்கு போட்டார்.

நம் ஊர் வாரச்சந்தையைப் பாருங்கள். ஒருவர் தக்காளி கொண்டு வருகிறார். ஒருவர் ராகி கொண்டு வருகிறார். இன்னொருவர் ஆடு ஓட்டி வருகிறார். எல்லாவற்றையும் விளைவிப்பவர் ஒருவரும் இல்லை. ஆனால் சந்தைக்குப் போனவரின் பை நிறைந்துவிடுகிறது.

டெபியனும் அப்படித்தான். ஒவ்வொரு மென்பொருளும் ஒரு பொட்டலம். ஒவ்வொரு பொட்டலத்துக்கும் ஒரு பொறுப்பாளர். பொட்டலத்தின் மேல் ஒரு சீட்டு இருக்கும். இதன் பெயர் என்ன, எத்தனையாவது பதிப்பு, இது வேலை செய்ய வேறு எந்தப் பொட்டலம் தேவை என்பதெல்லாம் அதில் எழுதியிருக்கும்.

சம்பளம் இல்லை. ஆனாலும் தொண்டர்கள் வந்தார்கள். பொட்டலத்தைப் பிரித்துக் கம்ப்யூட்டரில் வைக்கும் கருவிக்கு டி-பேக்கேஜ் என்று பெயர். அதை 1994-ல் திருத்தி எழுதியவர் இன்னோர் இயன். இங்கிலாந்தைச் சேர்ந்த இயன் ஜாக்சன்.

கைமாறிய பொறுப்பு

1996 மார்ச் மாதம் இயன் தலைமையை விட்டு விலகினார். படிப்பை முடிக்க வேண்டும். குடும்பத்தையும் கவனிக்க வேண்டும். புரூஸ் பெரென்ஸ் என்பவரிடம் பொறுப்பை ஒப்படைத்தார். அப்போது இயனுக்கு வயது 22.

தொடங்கியவர் போய்விட்டால் டெபியன் நிற்குமா?

நின்றது. வளர்ந்தது! அந்த ஆண்டு ஜூனில் வெளியான பதிப்பில் 474 பொட்டலங்கள். 2023 ஜூனில் வெளியான பதிப்பில் 64,000-க்கும் மேல்!

ஒரே வரி போதும்

பொட்டலங்கள் பெருகியபோது தொல்லையும் பெருகியது. ஒன்றை வைக்கப் போனால் இன்னொன்று வேண்டும் என்று கேட்கும். அதைத் தேடி எடுத்து வந்தால், அது மூன்றாவது ஒன்றைக் கேட்கும்.

இதைத் தீர்க்க வந்த கருவிதான் ஆப்ட். 1999-ல் டெபியனோடு வெளிவந்தது. படம் இல்லை, பொத்தான் இல்லை. எழுத்து மட்டும் தெரியும் திரை. அதில் ஆப்ட் இன்ஸ்டால் என்று ஆங்கில எழுத்தில் தட்டி, பக்கத்தில் பொட்டலத்தின் பெயரைத் தட்ட வேண்டும். நிர்வாகிக்கு உரிய கடவுச்சொல்லும் வேண்டும். கண்டவரும் கை வைத்துவிடக் கூடாது அல்லவா?

உடனே ஆப்ட் சீட்டைப் படிக்கிறது. தேவையான மற்றப் பொட்டலங்களையும் தானே கணக்கிட்டு, இணையம் வழியாக எடுத்து வந்து, வரிசைப்படி வைக்கிறது. அப்டேட் என்றால், என்னென்ன கிடைக்கும் என்ற பட்டியலைப் புதுப்பிக்கும். அப்கிரேடு என்றால், இருக்கும் பொட்டலங்களுக்குப் புதிய பதிப்பைக் கொண்டு வரும். ரிமூவ் என்றால் எடுத்துவிடும்.

42 வயதில்

இயன் பிறகு புரோஜெனி என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். 2007-ல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தில் சேர்ந்தார். 2015-ல் டாக்கர் நிறுவனத்துக்கு வந்தார். அந்த ஆண்டு டிசம்பர் 28-ந் தேதி சான்பிரான்சிஸ்கோவில் காலமானார். வயது 42 தான்.

2017 ஜூனில் டெபியனின் 9-ஆம் பதிப்பு வந்தது. தொண்டர்கள் அதை இயனின் நினைவுக்குக் காணிக்கை ஆக்கினார்கள்.

2004-ல் வந்து உலகெங்கும் பரவிய உபுண்டு, டெபியன் வழி வந்ததுதான். 2023 செப்டம்பரில் பல நாட்டு டெபியன் தொண்டர்கள் நம் பக்கத்து மாநிலமான கேரளத்தின் கொச்சியில் கூடி மாநாடு நடத்தினார்கள்.

நல்லம்பள்ளிப் பக்கத்துப் பிள்ளை ஒருவர் பாஸ் திரையில் ஒரு வரி தட்டினால், முகம் தெரியாத யாரோ கட்டி வைத்த பொட்டலம் வீடு தேடி வரும். கட்டியவர் கூலி கேட்பதில்லை. பெறுபவர் யார் என்றும் கேட்பதில்லை. அந்த வழியை 20 வயதில் தொடங்கி வைத்தவர் இயன் மர்டாக்.